வெளியூர் அறிவு, உள்ளூர்க் கை: ராமநாதபுரம் கடற்கரை உணவுத் தொழிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் ஒரு நண்டு இறைச்சிக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது கருவாடு, மிளகாய்த்தூள், கருப்பட்டி, கடல்பாசி என்று சிறிய அளவில் தொழில் செய்பவர்களுக்கு லைசென்ஸ், லேப் ரிப்போர்ட், லேபிள் வேலைகளில் கைகொடுக்கிறேன். பயிற்சி முகாம்களுக்குப் போய் வருகிறவர்கள் 'ஓப்பன் இன்னோவேஷன்', 'உள்வாங்கும் திறன்' என்று இரண்டு சொற்களைக் காதில் வாங்கி வந்து என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். தொண்டியில் கேட்டதைத்தான் சாயல்குடியிலும் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைக்கிறேன்.

ஓப்பன் இன்னோவேஷன் என்றால் நம் தொழில் ரகசியத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதா?

இல்லை. இந்தச் சொல்லை 2003-ல் பரவலாக்கியவர் ஹென்றி செஸ்பரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர். அதற்கு முன்பு பெரிய கம்பெனிகளின் வழக்கம் வேறு. சொந்த லேபில் கண்டுபிடி, சொந்த ஆலையில் செய், சொந்தப் பெயரில் விற்று விடு. வெளியாள் வாசலை மிதிக்கக்கூடாது. செஸ்பரோ சொன்னது இதுதான்: கெட்டிக்காரர்கள் எல்லோரும் உன்னிடமே வேலை பார்ப்பதில்லை, ஆகவே வெளியில் இருக்கும் நல்ல யோசனையை உள்ளே கொண்டு வா, உன்னிடம் சும்மா கிடக்கும் யோசனையை வெளியே விட்டுக் காசாக்கு. தமிழில் 'திறந்த புதுமையாக்கம்' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாவிட்டால் ஓப்பன் இன்னோவேஷன் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

உணவுத் தொழிலில் இதற்கு எல்லோரும் சொல்லும் கதை பிரிங்கிள்ஸ் சிப்ஸ். அப்போது அது பி அண்ட் ஜி (புராக்டர் அண்ட் கேம்பிள்) கம்பெனியின் கையில் இருந்தது. சிப்ஸ் மேல் படமும் விடுகதையும் அச்சடித்து விற்க நினைத்தார்கள். சொந்தமாக மை கண்டுபிடித்து மெஷின் செய்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். வெளியில் தேடியதில், இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் ஒரு பேராசிரியர் நடத்திய சின்ன பேக்கரியில் கேக் மேல் சாப்பிடக்கூடிய மையால் படம் அச்சடிப்பது தெரிய வந்தது. அந்த முறையை வாங்கி 2004-ல் சிப்ஸைக் கடைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த வரி. கேக் வேறு, சிப்ஸ் வேறு. எண்ணெயிலிருந்து எடுத்த சிப்ஸில் சூடும் ஈரமும் அடங்குவதற்குள் அச்சடித்தாக வேண்டும். அது பேக்கரிக்காரருக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. சிப்ஸ் போட்டுப் பழகிய ஆட்களுக்குத்தான் தெரியும். அந்த ஆட்கள் உள்ளே இல்லாமல் இருந்திருந்தால் பொலோன்யா மெஷின் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

அப்படியென்றால் உள்வாங்கும் திறன் என்பது அதுதானா?

அதேதான். 1990-ல் வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. வெளியில் இருக்கும் ஒரு தகவலின் மதிப்பைக் கண்டுகொள்ளவும், அதைப் புரிந்து உள்ளே எடுத்துக்கொள்ளவும், கடைசியில் விற்கிற பொருளாக மாற்றவும் ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் திறமைக்கு அந்தப் பெயர். அது ஏற்கெனவே அந்தத் துறையில் என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது என்றார்கள். முன்பே கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் புதிதாகச் சொல்வது ஏறும்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு மகளிர் குழுவுக்குக் கருவாடு காயவைக்க சோலார் ட்ரையர் வந்தது. நல்ல மெஷின், குறை சொல்ல முடியாது. மணல் ஒட்டாது, ஈ மொய்க்காது, காக்கா தூக்காது. பொருத்தியவர் ஒரு நாள் இருந்து சுவிட்சைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் சீக்கிரம் காயட்டும் என்று சூட்டை ஏற்றி வைத்தார்கள். மீன் வெளியே பலகை மாதிரி விறைத்துக்கொண்டது, உள்ளே ஈரம். நாலாம் நாள் மூட்டையைப் பிரித்தால் நாற்றம். "மணல்ல காஞ்சதுதான் கருவாடு, இது பெட்டியில வெந்த மீனு" என்று ஒரு அக்கா தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த ட்ரையருக்குள் இப்போது பழைய வலை கிடக்கிறது.

அந்த அக்கா சொன்னதில் தப்பே இல்லை. மீன் உண்மையிலேயே வெந்துதான் போனது. நம் பக்கத்து மீனுக்கு 50 டிகிரியைத் தாண்டினால் சதை வேகத் தொடங்கும். மேல் தோல் இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லை. முதல் சில மணி நேரம் சூடு குறைவாக, காற்று நன்றாக ஓடும்படி வைத்திருக்க வேண்டும். இதைத்தான் அவர்கள் மணலில் வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள்: சோளகக் காற்று (தென்காற்று) அடிக்கும் நாளில் இத்தனை மணிக்குத் திருப்பு, வாடைக் காலத்தில் ஈரக்காற்று, அன்றைக்குப் பரப்பாதே, உப்பைக் கூட்டு. அதாவது அறிவு அவர்களிடம் இருந்தது. மணலில் தெரிந்ததை மெஷினின் பாஷையில் சொல்லித் தர ஒருவரும் இல்லை. ட்ரையரை வரவழைத்தது ஓப்பன் இன்னோவேஷன் என்றால், அது வலை வைக்கும் பெட்டியானது உள்வாங்கும் திறன் இல்லாததால்.

நாங்கள் பத்துப் பேர் வேலை செய்யும் இடம். ஆராய்ச்சிப் பிரிவெல்லாம் கிடையாது. இது பெரிய கம்பெனிக் கதை இல்லையா?

உணவுத் தொழிலில் பெரிய கம்பெனிகளே ஆராய்ச்சிக்குக் குறைவாகத்தான் செலவழிக்கின்றன. மருந்துக் கம்பெனி, கம்ப்யூட்டர் கம்பெனி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணவு ஒரு 'குறைந்த தொழில்நுட்ப' துறை என்றே பொருளாதாரக்காரர்கள் வெகுகாலம் பட்டியலிட்டு வந்தார்கள். ஆனால் கடையில் இருக்கும் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். அந்தப் பல அடுக்கு பிளாஸ்டிக் பை எங்கிருந்தோ வந்தது. வேக்கம் மெஷின் இன்னொருவர் செய்தது. உள்ளே இருக்கும் கெட்டிப்படுத்தும் பொருள் மூன்றாமவர் லேபில் பிறந்தது. உணவில் புதுமை பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. அதனால்தான் வருவதைப் பிடித்துக்கொள்ளும் திறமை இங்கே மற்ற தொழில்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பேன்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது, கொழுப்பு அதிகம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்துவிட்ட காலம். குஜராத்தின் ஆனந்த் ஊரில் அமுல் கூட்டுறவில் இருந்த எச்.எம். தலாயா என்ற பால் பொறியாளர் ஏற்றுக்கொள்ளவில்லை. பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியையும் காற்றைச் சூடாக்கும் கருவியையும் வைத்தே எருமைப்பாலைத் தூளாக்கிக் காட்டினார். மெஷின் வெளிநாட்டுத் தொழில்நுட்பம், யுனிசெஃப் உதவியும் இருந்தது. 1955 அக்டோபர் 31-ல் நேரு அந்த ஆலையைத் திறந்து வைத்தார். பிறகு மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சிஎஃப்டிஆர்ஐ) எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை உருவாக்கியபோது அதை எடுத்துச் செய்ததும் அமுல்தான். உள்ளே ஒரு தலாயா இருந்தார், அதனால் வெளியிலிருந்து வந்தது தங்கியது. உங்களுக்குத் தேவை ஆராய்ச்சிப் பிரிவு இல்லை. பத்துப் பேரில் ஒருவர் அப்படி இருந்தால் போதும்.

நம் கடற்கரையிலேயே நடந்த உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் பெரியது. கடல்பாசி.

இந்தக் கரையில் பெண்கள் பாசி எடுப்பது புதிது இல்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அவர்களுக்கு ஒவ்வொன்றும் பெயர் தெரியும், எந்தத் தீவு ஓரம் எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்றும் தெரியும். முதல் இரண்டும் அகர் எடுக்க, அடுத்த இரண்டும் அல்ஜினேட் எடுக்க; இரண்டுமே உணவைக் கெட்டிப்படுத்தும் பொருட்கள். ஐஸ்கிரீம், ஜாம் லேபிளில் 406, 401 என்று எண் போட்டிருப்பது இவைதான்.

1984-ல் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கப்பாஃபைகஸ் என்ற பாசியை ஜப்பானிலிருந்து கொண்டு வந்தது. அதன் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் பக்கம். கேரஜீனன் என்ற இன்னொரு கெட்டிப்படுத்தும் பொருளுக்காக உலகம் முழுக்க வளர்க்கிறார்கள், லேபிளில் 407. முதலில் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்து, தொண்ணூறுகளில் மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசி கட்டி, 45 நாளில் அறுவடை. 60 கிலோ விதைப்பாசி கட்டினால் நல்ல பருவத்தில் நான்கு மடங்கு எடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஓப்பன் இன்னோவேஷன் பாடம் முழுதாக இருக்கிறது. அதே நிறுவனம் இன்னொரு வேலையும் செய்தது. உலகத்தில் எல்லோரும் பாசியைக் காயவைத்துத்தான் கேரஜீனன் எடுத்தார்கள். பத்துக் கிலோ ஈரப் பாசி ஒரு கிலோவாகச் சுண்டும், மிச்சம் ஆவியாகப் போகும். இவர்கள் பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தார்கள். சாறு பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம், சக்கை கேரஜீனனுக்கு. இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். குளிர்பானக் கம்பெனியான பெப்சிகோ 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தத் தொழில்நுட்பத்தின் உரிமத்தை எடுத்து, மண்டபம் பகுதிப் பெண்கள் குழுக்களோடு ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. 2008-ல் அந்தத் தொழில் அக்வாக்ரி என்ற கம்பெனிக்குக் கைமாறியது. பிறகு இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு அதில் பங்கெடுத்து, சாகரிகா என்ற பெயரில் அந்தச் சாற்று உரத்தை விற்கிறது. அரசு லேப், குளிர்பானக் கம்பெனி, புதுக் கம்பெனி, உரக் கூட்டுறவு, நடுவில் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அறிவு போன பாதை இது.

பாதை முழுவதும் வெல்லம் என்று நினைக்க வேண்டாம். 2008-லேயே குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்வதை ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மன்னார் வளைகுடா 1986-லிருந்து தேசியப் பூங்கா, 21 தீவுகள், அது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் 2013, 2014 வாக்கில் பாசி கொத்துக் கொத்தாக வெளுத்துச் செத்தது, பல குடும்பங்கள் மிதவையை விட்டன. கடல் சூடாகும் மாதத்தில் கயிற்றை எவ்வளவு ஆழத்தில் கட்ட வேண்டும், எந்தப் பக்கம் நீரோட்டம், எப்போது மிதவையை இடம் மாற்ற வேண்டும் என்பது எந்தக் காப்புரிமைத் தாளிலும் இல்லை. நின்று பிடித்த குழுக்கள் அதைத் தாங்களே கற்றுக்கொண்டவை.

நம் பொருளை வாங்கும் கம்பெனி தர நிபந்தனைகள் என்று ஒரு கட்டு காகிதம் அனுப்புகிறது. அதையும் 'வெளி அறிவு' என்று சொல்லலாமா?

சின்னத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய வெளி அறிவு வேறு இல்லை. காசு கொடுக்காமல் கிடைக்கிறது. ஆனால் படிக்கத் தெரிய வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. நீலக்கால் நண்டை அவித்து, பெண்கள் சதையைப் பிரித்து, ஜம்போ லம்ப், பேக்ஃபின், ஸ்பெஷல், கிளா என்று தரம் பிரித்து டப்பாவில் அடைத்துப் பாஸ்டரைஸ் செய்வோம். அமெரிக்காக்காரர் காகிதத்தில் 85 டிகிரி, 31 நிமிடம் என்று இருந்தது. நாங்கள் தொட்டித் தண்ணீர் 85 டிகிரியைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்து 31 நிமிடம் கழித்து எடுத்துவிடுவோம். எழுதியபடி செய்கிறோம் என்று நிம்மதி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் முதல் வாரத்திலேயே கேட்டார்: "சார், இது தண்ணிக்கா, டப்பா நடுவுலயா?" யாருக்கும் தெரியவில்லை. ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு நடுச்சதையில் வெப்ப ஒயரைச் சொருகிப் பார்த்தார். தண்ணீர் 85 ஆனபோது நடுச்சதை வெகு கீழே இருந்தது. அந்த எண் சொல்வது டப்பாவின் நடுவில், கடைசியாகச் சூடாகும் புள்ளியில், 85 டிகிரி 31 நிமிடம் நின்றதற்கு ஈடான சூட்டை. காற்றில்லாத டப்பாவில் பொட்டுலினம் போன்ற கிருமியின் வித்தைக் கட்டுப்படுத்தத்தான் அந்தக் கணக்கு.

அந்தக் காகிதம் இரண்டு வருடமாகச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. எல்லோரும் படித்தோம், ஒருவருக்குத்தான் அது பேசியது.

அதற்கப்புறம் அவர் இன்னொன்று செய்தார். இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நண்டு பிரிக்கும் அக்காக்களைக் கூட்டி, ஏன் கையை ஐஸ் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், ஏன் தட்டு நிரம்பும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும் என்று தமிழில், அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி விளக்கினார். மேலாளர் மட்டும் புரிந்துகொண்டால் அந்தப் புரிதல் ஆபீஸ் அறையோடு நின்றுவிடும்.

அந்த மாதிரி ஆளை எங்கே தேடுவது? சம்பளம் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் ஆராய்ச்சிக் கூடங்களைக் கவனித்து எழுதிய ஒரு விஷயம்: வெளியுலகத்தோடும் தொடர்பு, உள்ளே இருப்பவர்களோடும் தொடர்பு என இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த சிலர் வழியாகத்தான் அறிவு உள்ளே வருகிறது. வாசல்காப்போர் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மகளோ மருமகனோ பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்திருந்தால் அவரை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்புங்கள். முதலாளியே போய் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம். சான்றிதழ் சுவரில் தொங்கும், அடுப்படியில் எதுவும் மாறாது. வேலை செய்கிற ஆளும் போக வேண்டும். இரண்டு பேராகப் போனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள், பாதிப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இனி புதிதாக என்ன செய்ய வேண்டும்?

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், பொருளைக் காக்காது. முண்டு உருண்டை, தோல் தடிப்பு. குலுக்கினால் விதை சத்தம் கேட்டால்தான் காய்ந்தது என்று நம் ஆட்கள் சொல்வது நல்ல சோதனை. ஆனால் மண்தரையில் காயும்போது அடிப்பக்கம் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு வரும். ஐரோப்பாவுக்குப் போகும் மிளகாயில் அஃப்ளாடாக்ஸின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது. அது கண்ணுக்கும் காதுக்கும் தெரியாது. தார்ப்பாய், உயர்த்திய வலைத்தட்டு, கையடக்க ஈரமானி, வருடத்துக்கு ஓரிரு முறை லேப் சோதனை. இவ்வளவுதான் தொழில்நுட்பம். கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் ஈரமானி வாங்கிய பிறகு குலுக்கிக் கேட்பதை விடவில்லை. முதலில் குலுக்குவார், அப்புறம் கருவியை வைப்பார், இரண்டும் ஒத்துவராத மூட்டையைத் தனியே எடுத்து வைப்பார். அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

எத்தனை இடத்தில் கேட்பது? நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்.

நியாயமான குழப்பம். 2006-ல் லார்சன், சால்டர் என்ற இருவர் பிரிட்டனில் 2,707 உற்பத்தி நிறுவனங்களின் விவரங்களை வைத்து இதைப் பார்த்தார்கள். வெளியில் தேடும் இடங்கள் கூடக்கூடப் புதுமை கூடியது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் போனால் இறங்கத் தொடங்கியது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. எல்லோர் சொல்லையும் கேட்க நேரமும் கவனமும் போய்விடுகிறது. பத்துப் பேர் கம்பெனிக்கு ஒரு நேரத்தில் ஒரு லேப், ஒரு மெஷின்காரர், ஒரு வாங்குபவர் போதும் என்பது என் கணக்கு. அதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள், அனுபவம்தான்.

சரி, எங்கே போய்க் கேட்பது?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிறுவனத்தின் தலைமையிடமே மண்டபம் கேம்ப்தான், இது நம் ஆட்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பாசிக்கு, மேலே சொன்ன உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம். மீனைப் பிடித்த பிறகு என்ன செய்வது, ட்ரையர், பேக்கிங், நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசன் எடுப்பது என்றால் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஐஎஃப்டி). மிளகாய், கருப்பட்டி, சிறுதானியம் என்றால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்டெம்), மைசூர் சிஎஃப்டிஆர்ஐ. மாணவர்களை வைத்துச் சின்ன ஆய்வு செய்துகொள்ளத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி.

போகும்போது "ஏதாவது புதுசா சொல்லுங்க சார்" என்று போகாதீர்கள். உங்கள் பொருளை மூன்று பாக்கெட் எடுத்துப் போங்கள், ஒன்று நல்லது, ஒன்று கெட்டுப்போனது, ஒன்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது. எந்தத் தேதியில் செய்தது, எத்தனை மணி நேரம் காய்ந்தது, எவ்வளவு உப்பு என்று நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். விஞ்ஞானி முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மானியத்தில் மெஷின் வாங்கிவிட்டால் போதாதா?

2020-ல் தொடங்கிய குறு உணவு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன். வலை கிடக்கும் அந்த ட்ரையரை மட்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின் விற்பவரிடம் விலை பேசும்போதே, பொருத்திய பிறகு மூன்று தடவை, வேறு வேறு பருவத்தில் வந்து சொல்லித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். விலையில் ஐந்து சதவீதம் குறைப்பதைவிட அது லாபம்.

பாட்டி காலத்துப் பக்குவம் இதில் எங்கே வருகிறது? அதை விட்டுவிட வேண்டுமா?

விட்டால் எதை வைத்து உள்வாங்குவீர்கள்?

சாயல்குடி பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஒரு அம்மாவிடம் தெர்மாமீட்டரோடு போனேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமல் இருக்க. பொங்கி வரும் நுரைக்கு ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது. கடைசியில் ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, "இறக்குப்பா" என்பார். ஏழு காய்ச்சலில் அவர் இறக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் தெர்மாமீட்டர் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டியது. எட்டாவது தடவை எண் வருவதற்கு முன்பே இறக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நேத்து மழை தம்பி, கலயம் சரியா கழுவல, பாகு நிறத்தப் பாரு." புளிப்பு ஏறிய பதநீரில் சர்க்கரை உடைந்துவிடும், கட்டி சரியாக இறுகாது, இன்னும் காய்ச்சினால் கருகும். அதை அவர் நிறத்தில் பார்த்தார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர் பேரன் பதநீரைக் கொப்பரையில் ஊற்றும் முன் புளிப்பைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்க்கிறான். அந்தத் தாள் சென்னையில் வாங்கியது, அதை எப்போது நம்ப வேண்டும் என்பது பாட்டி சொல்லிக் கொடுத்தது.

வெளியாளிடம் சொன்னால் நம் பக்குவம் திருட்டுப் போகாதா?

போகலாம். லேபுக்குக் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தம் ஒரு பக்கம் கையெழுத்து வாங்குவது நல்லது, அரசு நிறுவனங்களில் அதற்குப் படிவமே இருக்கும். மசாலாவின் அளவைச் சொல்ல வேண்டாம், பிரச்சினையைச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பக்குவத்தைப் பூட்டி வைத்து யாரும் பணக்காரர் ஆகவில்லை. பக்குவம் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் எதிரில் கடை போட்டதுதான் அதிகம். அவரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்? நாம் உள்வாங்கிவிட்டோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2002-ல் சஹ்ரா, ஜார்ஜ் என்ற இருவர் இந்தத் திறனை நான்கு படியாகப் பிரித்தார்கள்: பெறுவது, புரிந்துகொள்வது, நம் தொழிலுக்கு மாற்றுவது, பயன்படுத்திச் சம்பாதிப்பது. முதல் இரண்டும் இருந்தால் திறமை இருப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். பின் இரண்டும் நடந்தால்தான் கல்லாவில் தெரியும். நம் பக்கம் பலர் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறார்கள். பயிற்சிக்குப் போனேன், புரிந்தது, நோட் எடுத்தேன். அதோடு முடிந்தது.

பலனுக்குக் கருவாட்டில் ஒரு வருடமாவது வேண்டும். சோளகம், வாடை இரண்டையும் பார்க்க வேண்டும், நடுவில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வேறு. அந்தத் தடைக்காலம்தான் கற்றுக்கொள்ள நல்ல காலம், கை சும்மா இருக்கும்.

கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. முதலாளி இல்லாத ஒரு நாளில் உங்கள் இடத்துக்கு வருவேன். ட்ரையர் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம், "ஏங்கா, இன்னைக்கு ஏன் 45-லயே வச்சிருக்கீங்க, நேத்து 50 இருந்துச்சே?" என்று கேட்பேன். "அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றால் இன்னும் வரவில்லை. "நேத்து நெத்திலி, இன்னைக்குப் பாரை, சதை தடிப்பு. தெரியாத மாதிரி கேக்குறீங்களே தம்பி" என்று திட்டினால் லேப் ரிப்போர்ட்டைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிடுவேன்.